மாவு மாத்திரை

எங்கள் வீட்டில் பொழுது தும்மலோடுதான் விடியும். கணவன் மனைவி இருவருமே தமிழ் விரிவுரையாளர்கள். பழைய நூல்களைப் புரட்டாமல் எங்களுக்குப் பிழைப்பில்லை. அட்டையைத் திறந்ததும் கண்ணரிப்பு, மூக்கில் நீர், பிறகு வரிசையாகத் தும்மல். தூசியில் வாழும் நுண்ணிய பூச்சிகளின் கழிவே காரணம் என்ற மருத்துவர், மூக்கில் அடித்துக்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். அந்தச் சொல்லே எங்களை அச்சுறுத்தியது.

அச்சத்தில் திராட்சை விதைச் சாற்று மாத்திரைக்கு மாறினோம். தாவரத்திலிருந்து எடுத்த ஆன்டி ஆக்சிடன்ட். பத்தே நாளில் குணம் தெரிந்தது. ஆசிரியர் ஓய்வறையில் வாயாரப் புகழ்ந்தோம். எங்கள் முன்னாள் மாணவியும் இந்நாள் சக ஆசிரியையுமான ஒருவர், ஆஸ்துமாவுக்காகத் தினமும் இழுத்துவந்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு அதை உட்கொண்டார். மூன்றாம் வாரம், நள்ளிரவில் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நல்லவேளை, பிழைத்தார்.

அதன் பிறகே சோதித்துப் பார்க்கத் தோன்றியது. மருந்தியல் படிக்கும் மகள், வெற்றுக் கேப்சூல் கூடுகளில் ஒரு மாதத்துக்குச் சோள மாவும் மறுமாதத்துக்கு அந்தச் சாற்றுத் தூளும் நிரப்பித் தந்தாள். எது எந்த மாதம் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். நாங்கள் காலைதோறும் தும்மல்களை எண்ணி நாட்குறிப்பில் எழுதினோம்.

"முதல் மாதம்தான் மருந்து" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அது மாவு. தும்மல் கணக்கிலோ இரு மாதங்களுக்கும் பெரிய வேறுபாடில்லை.

இருவர் செய்த சோதனை எதையும் நிறுவிவிடாது. ஆனால் அமெரிக்காவில் ராக்வீட் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு 8 வாரங்கள் இதே சாற்றையும் போலி மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2002இல் வெளியானது. அதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இத்தகைய தாவரப் பொருள்கள் ஆய்வுக்கூடத்தில் ஹிஸ்டமின் சுரப்பைக் குறைக்கலாம். ஆய்வுக்கூடத்துக்கும் மூக்குக்கும் தொலைவு அதிகம். மேலும், ஒவ்வாமை தானே ஏறித் தானே இறங்கும். மோசமான நாளில் எதைத் தொடங்கினாலும் அடுத்த வாரம் குணம் தெரியும்.

இப்போது மருத்துவர் சொன்ன மருந்தையே பயன்படுத்துகிறோம். அது மூக்கிலேயே வேலை செய்வது. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. தலையணை உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் அலசுகிறோம்.

சோதனையின் முடிவைச் சொல்ல அந்த ஆசிரியையின் வீட்டுக்குச் சென்றோம். நாட்குறிப்பை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "என்னிடம் சொல்வதற்கு முன்னால் எண்ணியிருக்கலாமே, ஐயா."