கருவியும் கண்ணும்

எங்கள் வீட்டு அலமாரியில் உம்மாவின் நிழற்படங்கள் இரண்டு உள்ளன. ஒன்று நான் எடுத்தது. மற்றொன்று ராத்தாவின் மகள் எடுத்தது.

2012ஆம் ஆண்டில் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த காக்கா, பெரிய லென்ஸ் பொருத்திய டிஜிட்டல் கேமரா ஒன்றை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, அது கைக்கு வந்தவுடனேயே கலைஞனாகிவிட்டதாக ஓர் எண்ணம்! பெருநாளன்று உம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, ஃபிளாஷ் பளிச்சிட இருபது படங்களுக்குமேல் எடுத்தேன். "போதும் வாப்பா, கண்ணு கூசுது" என்றார் உம்மா. படத்தில் முக்காட்டின் நூலிழைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால், விறைத்த முகத்துடன் அதில் நின்றது யாரோ ஒரு மூதாட்டி. என் உம்மா அல்லர்.

மறுநாள், ஜன்னலோரம் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மாவை, ராத்தாவின் மகள் ஒரு மலிவான செல்போனில் படமெடுத்தாள். ஒரே ஒரு படம். அதில் உம்மா சிரித்தார். பேசினார் என்றே சொல்லத் தோன்றியது. "எப்படி எடுத்தாய்?" என்று வியந்தேன். "நீங்க நிக்கச் சொன்னீங்க மாமா, நான் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

காரணம் பின்னரே விளங்கியது. நேரே பாயும் ஃபிளாஷ் ஒளி முகத்தின் நிழல்களை அழித்துத் தட்டையாக்கிவிடுகிறது. பக்கவாட்டில் வரும் ஜன்னல் வெளிச்சமோ, சுருக்கங்களையும் கனிவையும் சேர்த்தே காட்டுகிறது.

பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் 1948இல் ஸ்ரீநகரின் ஹரி பர்பத் குன்றில் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. முஸ்லிம் பெண்கள் நிற்கின்றனர். ஒருவர் கைகளை ஏந்தியிருக்கிறார். தொலைவில் மலைகளும் மேகங்களும். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது லைக்கா என்னும் சிறிய கேமராவும் 50 மி.மீ. லென்ஸும்தான், ஃபிளாஷை அவர் விரும்பியதில்லை. லைக்கா நல்ல கருவியே. ஆயினும் அதே கருவியை எத்தனையோ பேர் வைத்திருந்தார்கள். அந்தப் படம் அவர்களுக்கு வாய்க்கவில்லையே!

கருவியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். இருண்ட மண்டபத்துத் திருமணத்தையும், தொலைவில் பறக்கும் பறவையையும் படமெடுக்க நல்ல லென்ஸ் தேவைதான். ஆனால் எங்கே நிற்பது, எந்த ஒளியில் எடுப்பது, எப்போது பொத்தானை அழுத்துவது என்பதைக் கண்ணும் மனமும்தான் முடிவு செய்கின்றன.

2014இல் உம்மா வஃபாத்தானார். உறவினர்கள் பிரதி கேட்டு வாங்கிச் சென்றது அந்தச் செல்போன் படத்தைத்தான். கேமராவின் பொத்தான்களைப் பழகச் செலவிட்ட மாலைப்பொழுதுகளில் சிலவற்றையேனும் உம்மாவின் அருகில் கழித்திருக்கலாமே என்ற ஏக்கம் இன்றும் எனக்குண்டு.

அன்பு வாசகர்களே! வீட்டுப் பெரியவர்களைப் படமெடுக்க விரும்பினால், புதிய கேமரா வரட்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலருகே அவர்களுடன் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள். படம் தானே அமையும். அமையாவிட்டாலும், பேசிய நேரம் வீணாகாது.