ஒரு இனிஷியலும் ஒரு கமாவும்

போன மாசம் ஆபீஸில் மூணு நாள் ஆணி பிடுங்கியும் ஒரு பிழை அகப்படவே இல்லை. எழுதியது ராக்கெட் மொழியில். 2010 வரை பிஎல்டி ஸ்கீம் என்ற பெயரில் இருந்த லிஸ்ப் வீட்டுப் பிள்ளை அது.

அதில் 'மேட்ச்' என்று ஒன்று உண்டு. வருகிற பட்டியலின் உருவத்தைப் பார்த்து, இது கூட்டல், இது கழித்தல் என்று பிரித்துக் கொடுக்கும். எழுத ரெண்டு பாணி. 'லிஸ்ட்' என்று ஆரம்பிக்கும் பாணியில் வெறும் பெயர் ஒரு காலிப் பாத்திரம். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும். அந்தச் சொல்லேதான் வேண்டுமென்றால் முன்னால் மேற்கோள் குறி போடணும். பேக்கோட் பாணி நேர் தலைகீழ். வெறும் பெயர் என்றால் அந்தச் சொல்லேதான். பாத்திரம் வேண்டுமென்றால் கமா போடணும்.

நான் பேக்கோட் கட்சி. நண்பர் லிஸ்ட் கட்சி. அவர் எழுதிய ஃபைலில் என் பழக்கதோஷத்தில் 'கூட்டல்' என்று வெறுமனே எழுதிவிட்டேன். கழித்தல், பெருக்கல் எல்லாவற்றையும் அந்த ஒரே வரி விழுங்கிவிட்டது. நிரல் முனகக்கூட இல்லை.

கண்டுபிடித்ததும் சித்தூர் ஞாபகம் வந்தது. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. அண்ணனைத் திருப்பதியில் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் "இன்டி பேரு ஏமி?" என்று கேட்க, அப்பா பூர்வீக ஊரைச் சொல்லிவிட்டார். என்னைச் சேர்த்தது சித்தூரில். அங்கே தமிழ் வழக்கப்படி எழுதிவிட்டார்கள். அதனால் அண்ணன் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன்னால் ஊரின் எழுத்து, என்னுடையதில் தாத்தாவின் எழுத்து. ரெண்டும் சரிதான்.

2009ல் அப்பா போனபிறகு வாரிசுச் சான்றிதழுக்குப் போனால், "ரெண்டு அப்பா மாதிரி இருக்கே சார்" என்றார்கள். நான் நியூஜெர்ஸியில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஃபிடவிட்டைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கும் திருப்பதிக்கும் பஸ்ஸில் அலைந்தது அண்ணன்தான். அப்பாவுக்காக அழக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்னும் எனக்கு அது உறுத்தல்.

மறுநாள் நண்பரோடு உட்கார்ந்து பேசினேன். எங்களுக்கு வரும் தரவே சொற்களின் பட்டியல். பேக்கோடில் எழுதினால் வடிவமும் தரவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் எல்லா ஃபைலிலும் பேக்கோட்தான் என்று முடிவு. அவர் பாணி மட்டமில்லை, கலப்பதுதான் வம்பு.

ராத்திரி அண்ணனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்க ஆபீஸ்லயாவது ஒரே நாள்ல முடிஞ்சுதே" என்றான்.