பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு தனி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆணி அதிகம். ஆனா இந்தக் கதையை எழுதாம விட்டா மறந்துடுவேன்னு பயம், அதனால ஞாயித்துக்கிழமை தூக்கத்தைத் தியாகம் பண்ணி உட்கார்ந்திருக்கேன்.

என் பெரியம்மா பொண்ணு, அதாவது எனக்கு அக்கா, நியூ ஜெர்ஸியில எடிசன் பக்கம் இருபது வருஷமா இருக்காங்க. நான் இருக்கிற இடத்துல இருந்து கார்ல அரை மணி நேரம். சனிக்கிழமை சாம்பாருக்காக அங்க போய் ஒட்டிக்கிற தம்பி நான். அக்கா பொண்ணு எட்டு வயசுல இருந்து மிருதங்கம் கத்துக்கிறா. வீட்டுல எல்லாரும் பாப்பான்னுதான் கூப்பிடுவோம், அவளுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் வந்த பிறகும்.

2024 அக்டோபர்ல ஒரு நாள் அக்கா போன் பண்ணாங்க. "டேய், நீ பொட்டி தட்டுறவன்தானே, உனக்கு வீடியோ எல்லாம் தெரியும்ல?" இந்தக் கேள்விக்கு இல்லைன்னு சொன்னா நம்ம நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்புக்கே அசிங்கம். தெரியும்னுட்டேன். மாட்டிக்கிட்டேன்.

விஷயம் இதுதான். இங்க பல காலேஜ்களுக்கு காமன் ஆப்னு ஒரே விண்ணப்பம். மார்க், கட்டுரை, ஆசிரியர் கடிதம் எல்லாம் அதுல போயிடும். இதுக்கு மேல சில காலேஜ்கள், பாட்டு, டான்ஸ், நாடகம்னு எதுலயாவது உருப்படியா ஏதாவது பண்ணியிருந்தா ஒரு வீடியோவும் அனுப்பலாம்னு சொல்லும். பாப்பா கேட்டது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், சங்கீதம் இல்லை. இருந்தாலும் அனுப்பலாம். அங்க இருக்கிற சங்கீதப் பேராசிரியர் யாராவது கேட்டுட்டு அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு குறிப்பு எழுதுவாராம். கட்டாயம் கிடையாது. நிஜமாவே நல்லா வாசிக்கிறவங்க மட்டும் அனுப்புங்கன்னு நாசூக்கா ஒரு எச்சரிக்கையும் போட்டிருப்பாங்க. நம்ம ஊர் அப்பா அம்மா எவராவது அதைப் படிச்சுட்டு, ஓ, நம்ம பிள்ளை அந்த அளவுக்கு இல்லைன்னு நிறுத்தியிருக்காங்களா, சொல்லுங்க பார்ப்போம்.

நாங்க குறி வச்ச காலேஜோட விதி (பேர் வேண்டாம்): பத்து நிமிஷத்துக்குள்ள இருக்கணும். கையும் முகமும் தெரியணும். ஒரே மூச்சுல எடுத்ததா இருக்கணும், நடுவுல வெட்டு ஒட்டு கூடாது. விண்ணப்பத்துல வாத்தியத்தோட பேரைத் தேர்ந்தெடுக்கணும். தாள வாத்தியம்னு போய்ப் பார்த்தா ஸ்னேர் டிரம், மரிம்பா, டிம்பனி. மிருதங்கம் "மற்றவை"க்குள்ள இருந்துச்சு. அத்தான் அதைப் பார்த்துட்டு, "நம்ம வாழ்க்கையே இந்த ஊர்ல அந்தக் கட்டத்துலதான் ஓடுது"ன்னார். அவர் பேசுறதே அபூர்வம், பேசினா இப்படித்தான்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். நானும் ஏழு வயசுல இருந்து மிருதங்கம் கத்துக்கிட்டவன்தான். மாயவரத்துல, வாரம் ரெண்டு நாள். கோவில் கச்சேரில ரெண்டு தடவை வாசிச்சிருக்கேன். பத்தாவது வந்த உடனே அப்பா அதை ஒரு பழைய வேட்டியில சுத்திப் பரண்ல ஏத்தினார். "பரீட்சை முடியட்டும்"னார். பத்தாவது முடிஞ்சா பதினொண்ணு, அப்புறம் பன்னெண்டு. 2014-ல கிண்டியில அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல போய் உட்கார்ந்தப்ப என்னைப் பத்தி அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு எண். கணக்கு நூத்துக்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் இருநூத்துக்கு 191.5. நீ என்ன வாசிப்பேன்னு யாரும் கேட்கலை. கேட்காததும் ஒரு வகையில நல்லதுதான்னு இன்னிக்கும் நினைக்கிறேன். மிருதங்க வாத்தியாருக்கும், கேமராவுக்கும், ரெக்கார்டிங்குக்கும் செலவு பண்ண முடியாத வீட்டுப் பிள்ளைங்க அந்த ஒரே எண்ணை வச்சுத்தான் எங்க கிளாஸ்ல பாதிப் பேரு. அது வேற சண்டை, இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

ரெக்கார்டிங்குக்கு வர்றேன். அக்கா வீட்டு பேஸ்மெண்ட். முதல் நாள் போன்லயே எடுத்துப் பார்த்தோம். கேட்டா வலந்தலை சொல்லெல்லாம் டப்பாவைத் தட்டுற மாதிரி, தொப்பியோட கும்கி சுத்தமா காணோம். போன் மைக் மனுஷன் பேசுறதுக்குன்னு செஞ்சது. சத்தம் கூடினா அதுவே குறைக்கும், குறைஞ்சா அதுவே கூட்டும். பின்னாடி தம்புரா ஸ்ருதியை இரைச்சல்னு நினைச்சு அழிச்சுடுது. அந்தத் தானியங்கி சமாச்சாரத்தை எல்லாம் அணைச்சு, வெளி மைக் ஒண்ணு வாங்கி, தொப்பி பக்கமா நகர்த்தி நகர்த்தி வச்சு ஒரு நாள் முழுக்கப் போச்சு. அடுத்த நாள் எதிர் வீட்டுல மெஷின் வச்சு இலை ஊத ஆரம்பிச்சுட்டாங்க. அக்டோபர்ல நியூ ஜெர்ஸியில இருந்தவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். அது நின்னா ஹீட்டர். ஹீட்டர் ஓடினா காத்து காய்ஞ்சு தோல் இழுத்துக்குது, ஸ்ருதி மேல ஏறிடுது. பாப்பா கல்லும் கட்டையுமா தட்டித் தட்டி இறக்குவா, பத்து நிமிஷத்துல மறுபடி ஏறும்.

கேட்கப்போறவருக்கு ஆதி தாளம் எட்டு எண்ணிக்கைன்னு கண்ணால தெரியணும், அதனால பக்கத்துல ஒருத்தர் தாளம் போடட்டும்னு அவ வாத்தியார் சொல்லியிருந்தார். வீட்டுல அந்த வேலைக்குத் தகுதியான ஒரே ஆள் அடியேன். பதிமூணு வருஷம் கழிச்சு, வேட்டி கட்டி, கேமரா முன்னாடி. சிரிக்காதீங்க.

மொத்தம் பதினோரு தடவை எடுத்தோம். ஒன்பதாவது சுத்தமா வந்துச்சு. ஒரு பிசிறு கிடையாது. பதினொண்ணாவது வேற மாதிரி இருந்துச்சு. அவளுக்கு அசதி, விட்டா போதும்னு ஆயிடுச்சு, அதனாலயோ என்னவோ கை தானாப் போச்சு. மோரா முடிஞ்சு கோர்வை. மூணாவது தடவை, கடைசி ஆவர்த்தனம். நான் அவ கையையே வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டிருந்தேன், லகுவுல நடுவிரல் எண்ண மறந்துட்டேன். நேரா அடுத்த தட்டுக்குப் போயிட்டேன். ஒரு எண்ணிக்கை அவுட்.

அந்த நொடி எனக்கு வேர்த்துடுச்சு. ஆனா அவ சமத்துல கரெக்டா என் கையோட வந்து விழுந்தா.

ராத்திரி ஓட்டிப் பார்த்தப்பதான் புரிஞ்சது. கோர்வை முடிவுல "ததிகிணதொம்" மூணு தடவை வரும், நடுவுல ரெண்டு ரெண்டு மாத்திரை இடைவெளி. நான் எண்ணாம விட்டது நாலு மாத்திரை. என் கை தப்பா இறங்கறதைப் பார்த்த அந்தக் கணத்துலயே ரெண்டு இடைவெளியையும் முழுங்கிட்டு மூணு ததிகிணதொம்மையும் ஒட்டி வாசிச்சிருக்கா. ரெண்டும் ரெண்டும் நாலு. பாட்டுக்காரர் எங்கயாவது தடுமாறினா பக்கவாத்தியக்காரர் சபைக்குத் தெரியாம தூக்கி நிறுத்துவாரே, அதையேதான் பதினேழு வயசுப் பொண்ணு என்னை மாதிரி ஒரு வெத்து வேட்டுக்குப் பண்ணியிருக்கா.

அப்புறம் நான் ஒரு காரியம் பண்ணினேன். இப்ப எழுதவே கூச்சமா இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன்பதாவதோட கோர்வையை எடுத்து பதினொண்ணுல ஒட்டினேன். வீடியோவுல ஒட்டு தெரியாத மாதிரி அந்த இடத்துல அவ தலை குனிஞ்சிருக்கிறதையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். விதி தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினேன். என் தப்பால அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எந்தப் பேராசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நேர்த்தி.

காலையில பாப்பா ஹெட்போன் மாட்டிக் கேட்டா. கடைசியில நிறுத்தி, திரும்ப அஞ்சு செகண்ட் பின்னாடி போய்க் கேட்டா.

"மாமா, இங்க நான் இதை வாசிக்கலையே?"

"ஒன்பதாவதுல வாசிச்சது நீதானே?"

"இதுல வாசிக்கலை."

அக்காவுக்கு ஒன்பதாவதை அப்படியே அனுப்பணும். "சுத்தமா இருக்கு, ஒட்டும் இல்லை, அப்புறம் என்னடி?" நியாயம்தான். பாப்பா பதினொண்ணுதான் போகணும்னா. "ஒன்பதுல ப்ராக்டிஸ் பண்ணினதை ஒப்பிச்சேம்மா. இதுலதான் வாசிச்சேன்." கேட்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் எங்க தெரியப்போகுதுன்னு அக்கா கத்தினாங்க. தெரியாதுன்னு பாப்பாவும் ஒத்துக்கிட்டா. அத்தான் எழுந்து போய் எல்லாருக்கும் காபி போட்டார். நான் வாயைத் திறக்கலை, எந்த முகத்தை வச்சுக்கிட்டுத் திறக்கிறது?

பதினொண்ணுதான் போச்சு. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. வாத்தியத்தைப் பத்தி எழுதச் சொன்ன சின்னப் பெட்டியில கடைசி வரியா, 'பக்கத்தில் தாளம் போடுபவர் என் மாமா, முடிவில் அவர் ஒரு எண்ணிக்கை விட்டுவிட்டார், நான் அவரோடு போனேன்'னு எழுதியிருந்தா. அனுப்பின பிறகுதான் எனக்குக் காட்டினா.

டிசம்பர் நடுவுல, அப்புறம் சொல்றோம்னு பதில் வந்துச்சு. மார்ச்ல இல்லைன்னு வந்துச்சு. வீடியோவை யாராவது கேட்டாங்களா, அந்த வரியைப் படிச்சாங்களா, ஒண்ணும் தெரியாது. இப்ப அவ படிக்கிற ஸ்டேட் யுனிவர்சிட்டி வீடியோ எதுவும் கேட்கலை. மிருதங்கத்தை ஹாஸ்டலுக்குத் தூக்கிட்டுப் போயிருக்கா, பக்கத்து ரூம்ல ஒரு தடவை புகார் வந்துச்சாம்.

போன வாரம் ஊருக்குப் பேசும்போது அப்பாகிட்ட அந்தப் பரண் விஷயத்தைக் கேட்டேன். அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்துட்டு, ராத்திரி திரும்பக் கூப்பிட்டார். ரெண்டு பக்கமும் தோல் போச்சாம், வாரை எலி கடிச்சிருக்காம். கட்டை பலா, அது அப்படியே இருக்காம்.

மாயவரம், கும்பகோணம் பக்கம் தோல் மாத்திக் குடுக்கிற நல்ல ஆள் யாரையாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. தை மாசம் ஊருக்கு வர்றேன்.