நஞ்சு நீங்கிய வடிவம்

பாலைநிலத்தில் முறுமுறுத்த இஸ்ரயேல் மக்களைப் பாம்புகள் கடித்தன. கடியுண்டோர் பிழைக்க மோசே என்ன செய்தார்? பாம்பின் வடிவையே வெண்கலத்தில் செய்து கம்பத்தில் உயர்த்தினார் என்கிறது எண்ணிக்கை நூலின் 21-ஆம் அதிகாரம். கொன்ற பாம்புக்கும் உயர்த்தப்பட்ட பாம்புக்கும் வடிவம் ஒன்றே. இரண்டாவதில் நஞ்சு மட்டும் இல்லை. நம் ஆண்டவரும் நிக்கதேமுடன் உரையாடுகையில் தம் சிலுவைக்கு இதனையே முன்னடையாளமாகக் காட்டினார்.

நைனார்பாளையத்தில் புதன்கிழமைகளில் தடுப்பூசி போடும்போது இளந்தாய்மார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "சாமி, நோய்க் கிருமியையே பிள்ளை உடம்பில் ஏற்றுகிறார்களாமே, சரிதானா?" இக்கேள்வியை அறியாமை என ஒதுக்குதல் தகாது. பெற்றவளின் அச்சம் அன்பில் பிறந்தது. அதற்கு விடை தர நாம் கடமைப்பட்டுள்ளோம்.

காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த கிருமி. கக்குவான் இருமலுக்கு நம் பிள்ளைகள் பெறுவது கொல்லப்பட்ட கிருமி. இரணஜன்னிக்கு இடப்படுவது செயலிழந்த நஞ்சு. பகைவன் வருமுன் அவன் முகத்தை உடலுக்கு அறிமுகம் செய்வதே இவை எல்லாவற்றின் நோக்கமும். அவ்வழியில் அறிவியல் கண்ட மற்றொரு முறை, வெண்கலப் பாம்பை எனக்கு மேலும் நினைவூட்டுகிறது.

சிலவகைக் கிருமிகள் தம் வெளிச்சவ்விலிருந்து நுண்ணிய குமிழிகளை உதிர்க்கின்றன. அவற்றின் அளவு ஏறத்தாழ 20 முதல் 250 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கரும்புக் கொல்லை வரப்பில் பாம்பு உரித்த சட்டை கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். இன்ன பாம்பு என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவர், சட்டையோ கடிப்பதில்லை. குமிழியும் அத்தகையதே. கிருமியின் மேனியடையாளங்கள் அதில் உண்டு. பெருகும் உயிர் இல்லை.

1967-இல் கல்கத்தாவில் எஸ். என். சாட்டர்ஜி, ஜே. தாஸ் என்னும் இருவர், காலராக் கிருமியின் மேலுறை புடைத்துப் பிரிந்து செல்வதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு வெளியிட்டனர். இத்துறையின் தொடக்கக் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று. நம் முன்னோரை ஊர் ஊராக வாரிச் சென்ற கொள்ளைநோயின் கிருமியே அறிவின் வாயிலைத் திறந்தது!

குமிழி மருந்தாவது எப்படி? சின்னசேலம் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகளை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, திப்பியைத் தள்ளுகிறோம். இங்கும் கிருமிகளைப் பெருங்கலன்களில் வளர்க்கின்றனர். பித்த உப்பு வகையைச் சார்ந்த ஒரு பொருளால் அவற்றின் மேலுறையைக் குமிழிகளாகப் பிரிக்கின்றனர். காய்ச்சலையும் அழற்சியையும் உண்டாக்கும் நச்சுக்கொழுப்பின் பெரும்பகுதி அப்போது நீங்குகிறது. அதிவேகச் சுழற்சியாலும் நுண்வடிகட்டிகளாலும் கிருமியுடல்களை விலக்கிக் குமிழிகளை மட்டும் சேர்க்கின்றனர். நச்சுக்கொழுப்பு மிகுந்தால் தீங்கு. முற்றும் நீங்கினாலோ குமிழி குலையும், உடலின் காவலும் விழிக்காது. அளவறிதலே இதில் அருங்கலை.

1980-களில் மூளைக்காய்ச்சலின் 'பி' வகைக் கிருமி கியூபாவில் குழந்தைகளைப் பறித்தபோது, கொன்செப்சியோன் காம்பா என்னும் பெண்மணியின் தலைமையில் இத்தகைய தடுப்பூசி உருவாயிற்று. நியூசிலாந்து 2004-இல் தொடங்கிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையோருக்குத் தன் நாட்டுக் கிருமிவகைக்கேற்ற குமிழி மருந்தை வழங்கியது. அக்குமிழியே 2013-இல் ஐரோப்பா ஏற்ற பெக்செரோ தடுப்பூசியிலும் ஓர் உறுப்பாயிற்று.

இங்கேதான் என் நெஞ்சம் தயங்குகிறது. காலராக் கிருமியில் காணப்பட்ட குமிழி, காலராவுக்கும் சீதபேதிக்கும் இன்னும் பொதுப் பயன்பாட்டு மருந்தாகவில்லை. சீதபேதி தரும் சிகெல்லாக் கிருமியின் குமிழிகளைக் கொண்டு கொல்கத்தாவிலும் வெளிநாடுகளிலும் ஆய்வுகள் நடந்து வருகின்றன. ஆயினும் ஏழையின் நோய்க்கு மருந்து காணும் முயற்சி மெல்லவே நகர்கிறது. வாங்கும் வலிமையற்றோரைச் சந்தை தேடி வருவதில்லை. கல்வராயன் மலைச் சிற்றூரில் நல்ல குடிநீரின்றி வளரும் குழந்தையும் கடவுளின் சாயல் அன்றோ? ஏழைகளைப் பற்றிய நோயிலிருந்து பெற்ற அறிவு ஏழைகளுக்குத் திரும்புவது இரக்கம் அன்று, நீதி.

மற்றொன்றும் நினைவில் நிற்க வேண்டும். மோசே செய்த பாம்புக்கு மக்கள் பின்னாளில் தூபம் காட்டத் தொடங்கினர். எசேக்கியா அரசர் அதனை உடைத்தெறிந்தார். மருந்தை மறுப்பதும் பிழை, மருந்தைத் தெய்வமாக்குவதும் பிழை. மண்ணிலிருந்து மருந்தைத் தோற்றுவித்தவர் ஆண்டவரே என்பது சீராக்கின் போதனை.

ஆகவே அன்புத் தாய்மாரே, அஞ்சாது உங்கள் பிள்ளைகளைத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐயம் எழுந்தால் செவிலியரிடம் கேளுங்கள், கேட்பது குற்றமன்று. ஊர்ப் பெரியோரே, தூய குடிநீருக்காகக் குரல் எழுப்புங்கள். இளைஞரே, அறிவியல் பயிலுங்கள். நம் மக்களின் நோய்க்கு மருந்து காணும் கைகள் நம் மலையடிவாரத்திலிருந்தும் எழட்டும்.