வெளிச்ச நகரத்து வைத்தியம்

நயாகரா பார்க்க வருகிறவர்கள் பஃபலோ நகரை விமான நிலையத்தோடு விட்டுவிடுகிறார்கள். நான் ஊருக்குள்ளேயே அறை எடுத்தேன். 1896 நவம்பரில் அருவியின் மின்சாரம் கம்பி வழியே இங்கு வந்து சேர்ந்தது. ‘ஒளி நகரம்’ என்ற பட்டம் அதனால் கிடைத்ததுதான்.

ஃபோர்ட்ஹாம் டிரைவ் ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெரு. நடுவே புல்திட்டு, அதில் ஒரு பாறை, பாறையில் பதித்த பட்டயம். 1901இல் இங்கே நடந்த கண்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்ட இடம் இது. கண்காட்சி முழுக்க மின்விளக்குகள் ஜொலித்துக்கொண்டிருக்க, அவரைக் கிடத்திய ஆபரேஷன் அறையில் வெளிச்சம் போதவில்லை. கண்ணாடி பிடித்து மாலை வெயிலை வயிற்றின்மேல் திருப்பினார்கள். ஊரின் பேர்பெற்ற சர்ஜன் ராஸ்வெல் பார்க் அந்த நேரம் நயாகராவில் வேறொருவருக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். எட்டு நாளில் மெக்கின்லி இறந்துபோனார்.

அந்தச் சர்ஜன் 1898இல் தொடங்கிவைத்த புற்றுநோய் மையம் எல்ம், கார்ல்டன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இன்று பெரிய வளாகமாக நிற்கிறது. நான் வந்ததே இதற்காகத்தான். 1970களில் தாமஸ் டோகர்ட்டி என்ற வேதியியலாளர் இங்கே செல்களுக்குச் சாயமேற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பட்டால் அவை செத்தன. சோதனை கெட்டது என்று கொட்டிவிடாமல், செத்தது ஏன் என்று துருவினார். ஃபோட்டோஃப்ரின் என்ற மருந்து அந்தத் துருவலின் வழியில் வந்தது.

நுரையீரல் புற்றுக் கட்டி மூச்சுக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும்போது இந்த மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். இரண்டு நாளில் மற்ற திசுக்கள் பலவற்றிலிருந்து அது வடிந்துவிடுகிறது, கட்டியில் தங்குகிறது. பிறகு மூச்சுக்குழாய்க்குள் விடும் பிராங்கோஸ்கோப் வழியே மெல்லிய கண்ணாடியிழை ஒன்றை இறக்குகிறார்கள். அதன் நுனி குழாய்க்குள் சிவப்பு மத்தாப்புபோல ஒளிர்கிறது, ஆனால் சுடாது. 630 நானோமீட்டர் ஒளி, வழக்கமாக 8 நிமிடம் 20 நொடி. உறங்கிக் கிடந்த மருந்து விழித்து, திசுவிலுள்ள ஆக்சிஜனையே செல்லைக் கொல்லும் விஷமாக மாற்றுகிறது. கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் அடைபடுகின்றன. இரண்டு நாள் கழித்து மறுபடி குழாயை இறக்கி, செத்த சதையை வழித்தெடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அதுவே மூச்சை அடைக்கும். முதலில் வீக்கம் வேறு வரும் என்பதால், மூச்சு நிற்கப்போகிற அவசரத்துக்கு இது தோதுப்படாது.

மருந்து தோலிலும் கொஞ்சம் தங்கிவிடுகிறதே, அங்குதான் சிக்கல். குறைந்தது 30 நாள் வெயில் ஆகாது. தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டும். சன்ஸ்கிரீன் உதவாது; அது புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும், இங்கே எதிரி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். அதற்காகக் கும்மிருட்டில் அடைந்து கிடப்பதும் தப்பு. வீட்டுக்குள் விழும் இதமான வெளிச்சம் தோலிலுள்ள மருந்தை மெல்லச் செயலிழக்கவைக்கும். நான் போனது ஜூலை மாதம், இரவு ஒன்பதுக்குத்தான் பொழுது சாய்கிறது. அந்த ஊரில் அந்த மாதத்தில் இந்தப் பத்தியம் லேசானதல்ல.

மூச்சுக்குழாய்ப் புற்றுக்கு அமெரிக்கா இதை 1998இல் அனுமதித்தது. ஆரம்பநிலைச் சிறு கட்டிகளை இது குணமாக்கக்கூடும். முற்றியவர்களின் நோயைத் தீர்க்காது, மூச்சை மட்டும் இலகுவாக்கும். அந்த மூச்சுக்கு ஒரு மாத வெயிலை விட்டுக்கொடுப்பது நியாயமான பேரம் என்றே எனக்குப் படுகிறது.