புல்வெளியில் ஒரு கூடாரம்

கோடை முதிர்ந்து தில்லியில் அனற்காற்று வீசத் தொடங்கியதும், மக்களின் உள்ளம் வடக்கே உள்ள மலைகளை நாடுகிறது. உத்தராகண்டின் ஆற்றங்கரைகளிலும் இமாசலப் பிரதேசத்தின் தேவதாரு மர நிழலிலும் கூடாரம் அடித்துத் தங்குவோர் பலர். பள்ளிச் சாரணர் முகாமுக்குச் செல்லும் மாணவரும் உண்டு. விடுதியில் தங்குவதற்கும் கூடாரத்தில் தங்குவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. விடுதியை வேறொருவர் கட்டி வைத்திருக்கிறார். கூடாரத்தைத் தங்குபவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, புதிய கூடாரம் வாங்கியவர் பயணத்துக்கு முன்பே அதனை வீட்டருகில் ஒருமுறை கட்டிப் பார்ப்பது நல்லது. வீட்டருகில் ஒரு முளை குறைந்தால் கடைக்குச் சென்று வாங்கலாம். மலைச்சரிவில், மாலை மங்கும் வேளையில், மழை தூறும்போது குறைந்தால் என்ன செய்வது? குறை எங்கும் ஒன்றுதான். அது வெளிப்படும் இடத்தைப் பொறுத்தே அதன் விலை மாறுகிறது.

1. தில்லி கண்ட கூடாரங்கள்

கூடாரம் தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டு நூல்களுள் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. நப்பூதனார் இயற்றிய 103 அடிகள் கொண்ட அந்நூல், கார்காலத்தில் போருக்குச் சென்ற அரசன் காட்டில் அமைத்த பாசறையைக் காட்டுகிறது. வீரர்கள் புதர்களை வெட்டி இடத்தை அகலமாக்குகின்றனர்; முள்ளால் வேலி இடுகின்றனர்; வலிய விற்களை நிலத்தில் ஊன்றிக் கூடாரம் அமைக்கின்றனர். கை பழகியவர்களுக்கே இத்தகைய வேலை விரைவில் கைகூடும்.

தில்லியின் வரலாற்றிலும் கூடாரத்துக்குத் தனி இடம் உண்டு. முகலாயப் பேரரசர்கள் ஆண்டின் பல மாதங்களைப் பயணத்திலேயே கழித்தனர். அக்பரின் பாடிவீடு ஒன்றைச் சுமந்து செல்ல 100 யானைகளும் 500 ஒட்டகங்களும் 400 வண்டிகளும் தேவைப்பட்டன என்று அபுல் ஃபசல் தம் ‘அயினி அக்பரி’ நூலில் குறிப்பிடுகிறார். கூடாரம் அடிப்பதற்கென்றே ஆயிரம் பணியாளர் இருந்தனர். அவர்களுக்கு ஃபராஷ் என்று பெயர். பழைய தில்லியில் ஃபராஷ்கானா என்னும் பகுதி இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஔரங்கசீப் 1664ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியிலிருந்து காசுமீரத்துக்குப் புறப்பட்டபோது, பிரெஞ்சு மருத்துவரான பெர்னியேர் உடன் சென்றார். பேரரசருக்கு இரண்டு தொகுதிக் கூடாரங்கள் இருந்தன என்று அவர் எழுதியுள்ளார். ஒன்றில் பேரரசர் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த தங்கலிடத்துக்கு முன்னதாகச் சென்றுவிடும். பேரரசர் அங்கே சேரும்போது யாவும் ஆயத்தமாக இருக்கும். இரண்டு தொகுதிகள் வைத்துக்கொள்ள எல்லாராலும் இயலாது. ஒரே கூடாரம் உடையவர்களுக்கு அந்த ஆயத்தத்தைத் தருவது முன்கூட்டிய பயிற்சியே.

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு தர்பார் தில்லியில் நடைபெற்றது. அதற்காக நகரின் வடபுறத்தில் ஒரு கூடார நகரமே எழுந்தது. கல்கத்தாவிலிருந்து தலைநகரம் தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பும் அந்த தர்பாரிலேயே வெளியிடப்பட்டது. அப்பகுதியில் கிங்ஸ்வே கேம்ப் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது.

2. வளைந்த கழியின் வலிமை

பழைய கூடாரங்கள் நேரான கம்பங்களால் ஆனவை. கயிறுகளை நாற்புறமும் இழுத்துக் கட்டினாலன்றி அவை நில்லா. இன்று குடும்பங்கள் மிகுதியாக வாங்குவது குவிமாடக் கூடாரம். இரண்டு அல்லது மூன்று நீண்ட கழிகள் வில்லைப்போல் வளைந்து, உச்சியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அவற்றில் துணி போர்த்தப்படுகிறது.

குவிமாடம் என்றதும் தில்லிச் சிறுவர்களுக்கு உமாயூன் கல்லறையின் வெண்பளிங்கு மாடம் நினைவுக்கு வரும். தோற்றம் ஒன்றாயினும் இரண்டும் நிற்கும் முறை வேறு. கல்மாடத்தில் ஒரு கல் மற்றொரு கல்லை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கூடாரத்திலோ, வளைக்கப்பட்ட கழி நிமிர முயல்கிறது. துணி அதனை நிமிர விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. இந்த இரண்டு விசைகளும் சமமாகும்போது கூடாரம் நிலைபெறுகிறது. ஒரு கழி விரிந்தாலும், ஒரு தையல் பிரிந்தாலும் அச்சமநிலை கெடும்.

இவ்வகை அமைப்பைத் தமிழகம் முன்பே அறியும். கூண்டு வண்டியின் மேற்கூண்டு வளைத்த மூங்கில்களால் ஆனது. நீலகிரியில் வாழும் தோடர்களின் மரபுக் குடில், பாதியாக அறுத்த பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வடிவுடையது. அதுவும் வளைத்த மூங்கிலின் துணையால் நிற்பதே. குவிமாடத்தின் கணிதத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், முக்கோணங்களாலான இலேசான மாடத்துக்கு 1954இல் காப்புரிமை பெற்றார். 1969இல் அவர் புது தில்லிக்கு வந்து நேரு நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். அவருடைய கருத்தைத் தழுவிய மலையேற்றக் கூடாரம் 1975இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

குவிமாடக் கூடாரம் முளை அடிக்காமலேயே நிற்கும். அதன் சிறப்பும் இதுவே, ஏமாற்றும் இதுவே. நிற்கின்றது என்பதனால் அது நிலைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே ஆளோ பொருளோ இல்லாத பெரிய கூடாரத்தைப் பலத்த காற்று குடையைப் போலத் தூக்கிச் செல்லும்.

3. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தந்தை, தாய், பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பில் படிக்கும் மகன், தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் பாட்டி ஆகிய ஐவர். அடுத்த வாரம் மலைப்பயணம். ‘8 பேருக்குரியது’ என்று பையில் எழுதிய புதிய கூடாரத்தைக் குடியிருப்பின் புல்வெளிக்குக் கொண்டு வருகின்றனர்.

முதலில் எல்லாப் பொருள்களையும் விரிப்பின்மீது பரப்பி எண்ணுகிறாள் மகள். கழிகள் மூன்று, உள்கூடாரம் ஒன்று, மேல்விரிப்பு ஒன்று, கயிறுகள் எட்டு. முளைகள் மட்டும் குறிப்பேட்டில் உள்ளதைவிட ஒன்று குறைகின்றன.

“ஒன்றுதானே, போகட்டும் அக்கா” என்கிறான் தம்பி.

“காற்று அந்த மூலையைத்தான் தேடி வரும். எழுதி வைத்துக்கொள், மாலையில் வாங்கிவிடலாம்” என்கிறார் தந்தை.

அடுத்து, கண்ணாடியிழைக் கழிகளை இணைக்கின்றனர். துண்டுகளின் உள்ளே ஓர் இழுவைக் கயிறு ஓடுகிறது. இணைத்த கழியைத் துணியில் தைத்த நீண்ட உறைக்குள் தம்பி செருகுகிறான். மறுமுனை தெரிந்ததும் ஆவலோடு பிடித்து இழுக்கிறான். உறைக்குள்ளேயே துண்டுகள் பிரிந்துவிடுகின்றன. கழியை எப்போதும் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது என்பதை அவன் கை அன்று கற்றுக்கொள்கிறது. குறிப்பேட்டிலும் அது எழுதப்பட்டிருந்தது. ஆயினும் எழுத்தில் படித்தது கைக்கு வர ஒரு பிழை தேவைப்பட்டது.

பெரிய கூடாரத்தைத் தனி ஒருவரால் உயர்த்த முடியாது. தந்தையும் தாயும் எதிரெதிர் மூலைகளில் நின்று கழியை மெல்ல வளைக்கின்றனர். துணி மேலெழுந்து மாடமாகிறது. நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி வியப்புடன், “இது நம் ஊர்க் கூண்டு வண்டியேதான்! வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தால் திருவிழாவுக்குப் போய் வரலாம்” என்கிறார். வண்டிக் கூண்டைப் பார்த்திராத பேரன், அது எப்படிக் கட்டப்படும் என்று பாட்டியிடம் கேட்கத் தொடங்குகிறான்.

முளைகளை நேராக அடிக்காமல், தலை கூடாரத்தைவிட்டு வெளிப்புறம் சாயுமாறு அடிக்கின்றனர். கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்ந்த முளை எளிதில் பிடுங்கிக்கொண்டு வராது. காற்று வரும் பக்கத்தில் வாயில் அமையாதபடியும் பார்த்துக்கொள்கின்றனர். முதல்முறை கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பிரித்து மீண்டும் கட்டும்போது அதில் பாதி நேரமே ஆகிறது.

பிறகு ஐவரும் உள்ளே படுத்துப் பார்க்கின்றனர். எட்டுப் பேர் என்பது நெருக்கிப் படுத்தால் கொள்ளும் அளவு; பைகளுக்கு அதில் இடமில்லை. ஐவரும் அவர்களுடைய பைகளும் என்றால் அளவு சரியாக இருக்கிறது. இரவில் எழுந்து செல்ல வேண்டிய பாட்டிக்கு வாயிலருகே இடம் ஒதுக்கப்படுகிறது.

4. நீர், காற்று, நெருப்பு

கூடாரம் கட்டியதோடு சோதனை முடிவதில்லை. மழையைத் தாங்குமா என்று பார்க்க, குழாய் நீரை மேலிருந்து சிறிது நேரம் பொழியச் செய்ய வேண்டும். கூடாரத் துணியில் 2000 மி.மீ. என்பது போன்ற ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அந்த உயரத்துக்கு நீர் நிரம்பிய குழாயைத் துணியின்மேல் நிறுத்தினாலும் அது கசியாது என்பதே அதன் பொருள். ஆனால், நீர் பெரும்பாலும் துணியின் வழியே வருவதில்லை. தையலின் வழியே வருகிறது. எனவே, தையல்களின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் மழையின்றியும் உட்புறம் ஈரமாக இருப்பதுண்டு. உறங்குவோரின் மூச்சில் உள்ள நீராவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. அது கூடாரத்தின் குறையன்று. மேலே உள்ள காற்றுத் திறப்புகளை மூடாமல் விட்டால் ஈரம் குறையும். ஓர் இரவு புல்வெளியிலேயே உறங்கிப் பார்த்தால் இவையெல்லாம் விளங்கும்.

நெருப்பைப் பற்றிய விதி ஒன்றே: கூடாரத்தினுள் நெருப்பு கூடாது. 1997ஆம் ஆண்டு ஏப்ரலில் மெக்காவை அடுத்த மினாவில் ஹஜ் பயணிகளின் கூடாரங்களில் தீப்பற்றி 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அங்கே எளிதில் தீப்பற்றாத துணியாலான கூடாரங்கள் அமைக்கப்பட்டன. தீப்பற்றாவிட்டாலும் தீங்கு உண்டு. தில்லியின் குளிர்காலத்தில், மூடிய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் இறந்ததாக நாளிதழ்களில் செய்தி வருவதுண்டு. அங்கீட்டி எனப்படும் அவ்வடுப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர் தாங்காவிட்டால் மற்றொரு போர்வையைத் தேட வேண்டுமேயன்றி அடுப்பைத் தேடக் கூடாது.

இறுதியாக, கூடாரத்தை நன்கு உலர்த்திய பின்னரே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்த துணியில் பூஞ்சணம் படியும்.

5. கற்ற கை

கூடாரம் எல்லாருக்கும் உல்லாசப் பொருளாக இருந்ததில்லை. 1947இல் நாடு பிரிவினையுற்றபோது, வீடிழந்து தில்லிக்கு வந்த மக்கள் பழைய கோட்டையிலும் உமாயூன் கல்லறை வளாகத்திலும் கிங்ஸ்வே கேம்பிலும் தங்கவைக்கப்பட்டனர். மன்னருக்காகக் கூடாரங்கள் எழுந்த அதே வடதில்லியில், 36 ஆண்டுகளுக்குப் பின், ஏதிலியர் தங்கினர். 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியபோதும் எண்ணற்ற குடும்பங்களுக்குக் கூடாரமே வீடாயிற்று. அவர்களுள் எவருக்கும் முன்கூட்டிக் கட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

பாரத சாரண சாரணியர் இயக்கம் கூடாரம் அமைப்பதையும் முடிச்சுகள் இடுவதையும் மாணவருக்குக் கற்பிப்பது விளையாட்டுக்காக மட்டுமன்று. பேரிடர் வரும்போது, ஏற்கெனவே கற்ற கை ஒன்று அருகில் இருந்தால் பத்துக் குடும்பங்களுக்கு அது துணையாகும். ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் கழியைத் தள்ளக் கற்றுக்கொண்ட சிறுவன், நாளை ஒருநாள் வேறொருவருக்காக மழையில் கூடாரம் அடிக்கக் கூடும். அப்போது அவன் குறிப்பேட்டைத் தேட மாட்டான்.

சொல்லும் பொருளும்

பாசறை – போருக்குச் சென்ற படை தங்கும் இடம்
பாடிவீடு – அரசனும் படையும் பயணத்தில் தங்கும் இடம்
முளை – கயிற்றைக் கட்ட நிலத்தில் அடிக்கும் சிறு கம்பி அல்லது கட்டை
ஏதிலியர் – புகலிடம் இழந்தோர், அகதிகள்
பூஞ்சணம் – ஈரப் பொருளில் படரும் பூசணம்

பயிற்சி

1. கல்மாடமும் குவிமாடக் கூடாரமும் நிற்கும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ‘அதன் சிறப்பும் இதுவே, ஏமாற்றும் இதுவே’ – விளக்குக.
3. கூடாரத்தினுள் கரி அடுப்பு ஏன் கூடாது?
4. உங்கள் தாத்தா, பாட்டியிடம் கூண்டு வண்டியைப் பற்றிக் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.