வெள்ளச்சிக்கு ஊசி போட்ட கதை

பயந்த நாய்தான் கடிக்கும். தபால்காரனாக 34 வருடம் சைக்கிள் மிதித்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். வாலைத் தூக்கிக் குரைத்துக்கொண்டு ஓடிவரும் நாய் பெரும்பாலும் தெருமுனையோடு நின்றுவிடும். காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் காலிடுக்கில் செருகி, மூலையில் ஒடுங்கி நிற்கிற நாயிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஓட வழியில்லாவிட்டால் அதற்கு மிச்சம் இருப்பது பல்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்த வெள்ளச்சி இந்த இரண்டாவது ரகம். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போக, பின்னங்கால் வீங்கி ஓடைப்பக்கம் கிடந்ததை என் மகன் சாக்கில் சுற்றித் தூக்கி வந்தான். ஒரு வயதுகூட இருக்காது. நாட்டு நாய். கால் பத்து நாளில் சரியாகிவிட்டது, பயம் சரியாகவில்லை. யாராவது விளக்குமாற்றையோ குடையையோ கையில் எடுத்தால் போதும், கொல்லையில் படப்புக்குப் பின்னால் போய்விடும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் சோற்றைத் தொடும்.

"நல்லா அடி வாங்கியிருக்கும் போல" என்று எல்லோரும் சொன்னார்கள். கால்நடை மருத்துவமனை டாக்டர் வேறொன்று சொன்னார். பிறந்து 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12-வது வாரம் வரை மனிதர்களோடு பழகாத குட்டி, அடியே வாங்காவிட்டாலும் பிறகு மனிதரைக் கண்டு மிரளுமாம்.

எங்களுக்குப் பெரிய கவலை வெறிநாய்த் தடுப்பூசி. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற ஏறக்குறைய வழியே கிடையாது. வீட்டில் 5 வயதுப் பேத்தி இருக்கிறாள். பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, பேசாம தேவன்குறிச்சி மலைப்பக்கம் கொண்டுபோய் விட்டுருங்க" என்றார். என் மனைவி, "ஒரு மாசம் பாருங்க. அதுக்குள்ள ஊசி போட முடியலைன்னா வேற வழி பாருங்க" என்று கெடு வைத்துவிட்டாள்.

நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து ஊசி போட்டுவிடலாம்தான். ஆனால் அடுத்த ஊசிக்கு என்ன செய்வது? மனிதன் கிட்டே வந்தால் ஆபத்து என்று அது நினைத்திருந்ததை நாமே நிரூபித்ததாகிவிடும்.

டாக்டர் சொன்ன வழி புதிதல்ல. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க அம்மையார், முயலைக் கண்டு அலறிய ஏறக்குறைய 3 வயதுப் பையன் ஒருவனுக்கு இதையே செய்து பார்த்தார். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, முயலை முதலில் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

எங்களுக்கு அவித்த முட்டை. முதல் வாரம் பத்தடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல் சின்னச் சின்னத் துண்டாக எறிந்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கூப்பிடவும் இல்லை, கை நீட்டவும் இல்லை. கிட்டே வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

அப்புறம் விளக்குமாறு. இங்கே வரிசை முக்கியம். முதலில் விளக்குமாறு தூரத்தில் கண்ணில் பட வேண்டும், அதன் பிறகுதான் முட்டை வர வேண்டும். மாற்றிச் செய்தால், முட்டையைக் கண்டாலே "அடுத்து விளக்குமாறு வரப்போகிறது" என்று முட்டையையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். முட்டையைத் தின்னவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை. விளக்குமாறு இன்னும் தள்ளிப் போகவேண்டும் என்று நமக்குச் சொல்கிறது.

டீக்கடையில் ஒரு நண்பர், "பயப்படும்போது தீனி போட்டா பயம்தான்யா வளரும்" என்றார். பயம் என்ன, சேட்டையா? கூலி கிடைக்கிறதே என்று யாரும் கூடுதலாகப் பயப்படுவதில்லை. இடி இடிக்கும்போது பேத்தியை மடியில் வைத்துக்கொண்டால் அவள் இடிக்கு இன்னும் பயப்படுகிறாளா என்ன?

தீனி விஷயத்தில் ஒன்று. சாத்தூர் சேவை நாய்க்குப் போடாதீர்கள். உப்பும் காரமும் ஆகாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். உப்பில்லாமல் அவித்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி போதும்.

மூன்றாம் வாரம் வெள்ளச்சி என் உள்ளங்கையிலிருந்து தின்றது. கழுத்தைத் தொட்டேன், முட்டை. பட்டை கட்டினேன், முட்டை. பிடரித் தோலை லேசாகப் பிடித்து பேனா மூடியால் ஒரு அழுத்து, முட்டை. 26-வது நாள் டாக்டர் வீட்டுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து ஊசி போட்டார். உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அவர் கையில் இருந்த முட்டையையும் தின்றுவிட்டது!

பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. குடையை இன்னும் ஆறடி தள்ளித்தான் பார்க்கிறது. இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. இனி வருடம் ஒன்று. அடுத்த தேதியைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே "முட்டை" என்றும்.